தடைக்காலத்தில் விற்ற ஐஸ்: ஒரு கணக்குத்தாளில் தேதிகள் புரண்ட நிகழ்வு

பின்னணி

இராமேசுவரம் தீவில், பாக் விரிகுடாக் கரையோரம் விசைப்படகுகளுக்கு ஐஸ் கொடுக்கும் சிறிய கடை ஒன்றின் கணக்கில் ஆறு மாதம் யார் கண்ணிலும் படாமல் கிடந்த ஒரு பிழையையும், அது வெளிப்பட்ட விதத்தையும், திருத்திய முறையையும் இங்கே பதிவு செய்கிறேன். கடையின் பெயரும் தொடர்புடையவர்களின் பெயர்களும் தேவையில்லை என்பதால் அவற்றை விட்டிருக்கிறேன். நான் அந்தக் கடையின் ஊழியன் அல்லன்; மாதம் ஒருமுறை போய்க் கணக்கைப் பார்த்துக் கொடுப்பவன். பிழை நீடித்ததில் எனக்கும் பங்கு உண்டு. அது எந்த இடத்தில் என்பதைக் கீழே அதற்குரிய இடத்தில் சொல்கிறேன்.

கடையின் நடைமுறை எளிமையானது. இந்தக் கரையில் விசைப்படகுகள் எல்லா நாளும் கடலுக்குப் போவதில்லை. நாட்டுப்படகுகளுக்கும் விசைப்படகுகளுக்கும் நாட்கள் பிரிக்கப்பட்டிருப்பதால், விசைப்படகுகள் திங்கள், புதன், சனி ஆகிய மூன்று நாட்களில் புறப்படுவது வழக்கம். புறப்படும் நாள் காலையில் படகுக்கு இத்தனை பார் (பெரிய கட்டி) ஐஸ் என்று எடுத்துச் செல்வார்கள். அச்சிட்ட வரிசை எண் கொண்ட சீட்டில் தேதியும் படகின் எண்ணும் பார் கணக்கும் எழுதப்படும். பணம் உடனே வருவதில்லை. சம்மாட்டிகள் (படகு உரிமையாளர்கள்) சில மாதங்களுக்கு ஒருமுறை மொத்தமாகக் கணக்குத் தீர்ப்பார்கள். கடையில் கணக்கு எழுதும் பெண் மாலையில் அந்தச் சீட்டுகளை லிப்ரே ஆபிஸின் கால்க் என்ற விரிதாள் செயலியில் வரிக்கு ஒரு சீட்டாகப் பதிவு செய்வார்.

கட்டண மென்பொருளுக்குப் பணம் ஒதுக்க முடியாத கடை அது. 2010-இல் ஓப்பன் ஆபிஸிலிருந்து பிரிந்து, தன்னார்வலர்களின் உழைப்பையும் சேர்த்துக்கொண்டு வளர்ந்துவரும் இந்தக் கட்டற்ற மென்பொருள் அங்கே பல ஆண்டுகளாகக் குறையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. இந்த நிகழ்விலும் மென்பொருள் பழுதாகவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொன்னதை அது சொன்னபடியே செய்தது. யார் என்ன சொல்லியிருந்தோம் என்பதுதான் எங்களுக்குத் தெரியாமல் போனது.

பிப்ரவரி இறுதி: கணிப்பொறி திரும்பி வந்த நாள்

கடலுக்கு இத்தனை அருகில் இருக்கும் கடையில் கணிப்பொறிக்கு ஆயுள் குறைவு. உப்புக்காற்றில் உள்ளே இருக்கும் இணைப்புகள் பூத்துப் போகும். பிப்ரவரி மாதக் கடைசியில் அது அடிக்கடி நின்றுபோனதால் சர்வீஸுக்குக் கொடுத்தார்கள். ஹார்டு டிஸ்க் மாற்றப்பட்டு, விண்டோஸும் லிப்ரே ஆபிஸும் புதிதாக நிறுவப்பட்டு, மார்ச் முதல் தேதிக்கு முன் திரும்பி வந்தது. பழைய கோப்புகள் பென்டிரைவில் பத்திரமாக இருந்தன. அவற்றைத் திரும்ப ஏற்றினார்கள். மார்ச் முதல் கணக்கு எழுத ஒரு புதிய தாள் திறக்கப்பட்டது. அந்தத் தாளின் கட்டங்களுக்கு எந்த வடிவமும் கொடுக்கப்படவில்லை.

அதன் பின் மூன்று மாற்றங்கள் கண்ணில் பட்டன. சம்மாட்டிகளின் பெயர்ப் பட்டியல் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பையாகத் தெரிந்தது. பழைய வரவுத் தொகைகளில் 2,45,600 என்று இருந்தது 245,600 என்று மாறியிருந்தது. சில நாட்கள் கழித்து, புதிய தாளில் தேதிகள் சில கட்டத்தின் இடப்பக்கத்திலும் சில வலப்பக்கத்திலும் ஒட்டி நின்றன.

முதலாவது எல்லோரையும் பதற வைத்தது. மற்ற இரண்டும் அழகுக் குறைபாடாகவே தோன்றின. உண்மையில் முதலாவதுதான் ஆபத்தில்லாதது. பட்டியல் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்ட பழைய கோப்பு. அந்த முறையில் கோப்பின் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள்தாம். எழுத்துரு இருக்கும்வரைதான் அவை தமிழாகத் தெரியும். எழுத்துருவைத் திரும்ப நிறுவினோம், பெயர்கள் வந்தன. பிறகு அவற்றை ஒருங்குறிக்கு மாற்றி, ஒவ்வொரு பெயரையும் கண்ணால் சரிபார்த்தோம். அத்துடன் அந்த விஷயம் முடிந்தது. ஆனால் அந்த ஒரு வாரம் எங்கள் கவனம் முழுவதும் அதிலேயே போனதால், நின்று பார்க்க வேண்டிய காற்புள்ளியை நாங்கள் நின்று பார்க்கவில்லை.

ஆகஸ்ட் வரை: திரையில் சரியாகத் தெரிந்த தேதிகள்

நடந்தது என்ன என்பதை இங்கேயே விளக்கிவிடுவது நல்லது. எங்களுக்கு இது செப்டம்பரில்தான் தெரிந்தது. லிப்ரே ஆபிஸில் மொழி அமைப்புகளுக்குள் ‘லோகேல்’ என்று ஒன்று உண்டு. எந்த நாட்டு வழக்கப்படி எண்களையும் தேதிகளையும் படிக்க வேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது. யாரும் எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் அது விண்டோஸின் அமைப்பை அப்படியே எடுத்துக்கொள்ளும். புதிதாக நிறுவியபோது விண்டோஸ் அமெரிக்க அமைப்பிலேயே விடப்பட்டிருந்தது. எனவே கால்க் தேதிகளை மாதம், நாள், ஆண்டு என்ற வரிசையில் படிக்கத் தொடங்கியது. லட்சக் காற்புள்ளி இடம் மாறியதும் இதே காரணத்தால்தான்.

கணக்கு எழுதும் பெண் மார்ச் 6-ஆம் தேதியை 06/03 என்று தொடங்கி நான்கு இலக்க ஆண்டுடன் தட்டச்சு செய்தார். கால்க் அதை ஜூன் 3 என்று எடுத்துக்கொண்டது. திரையில் காட்டும்போதும் அதே அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முதலில் வைத்து 06/03 என்றே காட்டியது. அவர் தட்டியது போலவே தெரிந்தது. ஒரே வேறுபாடு, ஆண்டின் நான்கு இலக்கங்களில் கடைசி இரண்டு மட்டும் நின்றன. மார்ச் 15-ஐ 15/03 என்று தட்டியபோது, பதினைந்தாவது மாதம் என்று ஒன்று இல்லாததால், கால்க் அதைத் தேதியாகவே ஏற்கவில்லை. வெறும் எழுத்தாக வைத்துக்கொண்டு இடப்பக்கம் ஒட்டி, ஆண்டின் நான்கு இலக்கங்களுடன் காட்டியது.

ஆக, பன்னிரண்டாம் தேதிக்கு மேற்பட்டவை தேதியாகாமல் நின்றன. பன்னிரண்டு வரையிலானவை தவறான தேதியாகி நின்றன. முன்னவை கோணலாகத் தெரிந்தன. பின்னவை ஒழுங்காகத் தெரிந்தன. தவறு முழுவதும் ஒழுங்காகத் தெரிந்தவற்றில் இருந்தது.

இதற்கிடையே ஜூலையில் அந்தப் பெண் தம் வீட்டுக் கல்யாணத்துக்காக இரண்டு வாரம் விடுப்பில் போனார். ஜூலை 5 முதல் 19 வரை கடைக்காரரின் மகன் தம் லேப்டாப்பில் அதே கோப்பைத் திறந்து பதிவு செய்தார். அந்த லேப்டாப்பில் அமைப்பு இந்திய வழக்கத்தில் இருந்தது. அவர் தட்டிய தேதிகள் எல்லாம் சரியாகவே பதிவாயின. பின்னால் வேலையைக் கடினமாக்கியது இந்தச் சரியான பகுதிதான்.

செப்டம்பர் 4: முதல் உதவியும் நான் கேட்ட கேள்வியும்

சம்மாட்டிகளுக்குக் கணக்குத் தீர்க்கும் நேரம் வந்ததால் மாதவாரித் தொகை தேவைப்பட்டது. இடப்பக்கம் நிற்கும் தேதிகள் கூட்டலில் சேரவில்லை என்று அந்தப் பெண் சொன்னார். செப்டம்பர் 4 மாலை நான் போனேன். கீழக்கரையில் ஒரு பள்ளி அலுவலகத்தில் பல ஆண்டுகளாக இதே மென்பொருளைப் பயன்படுத்தும் நண்பரைத் தொலைபேசியில் அழைத்து, “சில தேதிகள் இடப்பக்கமாக நிற்கின்றன, அவற்றைத் தேதியாக மாற்றுவது எப்படி?” என்று கேட்டேன்.

அவர் சொன்ன பதில் முற்றிலும் சரி. லோகேலை இந்தியாவுக்கு மாற்றுங்கள். தேதிப் பத்தியைத் தேர்ந்தெடுத்து, தேடி மாற்றும் பெட்டியில் ரெகுலர் எக்ஸ்பிரஷன் (எழுத்துகளின் அமைப்பைக் குறிகளால் சொல்லித் தேடும்) வசதியை இயக்கி, தேட வேண்டிய இடத்தில் ^. என்றும் மாற்ற வேண்டிய இடத்தில் & என்றும் கொடுத்து எல்லாவற்றையும் மாற்றுங்கள் என்றார். இதனால் எழுத்துகள் மாறுவதில்லை. கட்டத்தில் இருப்பதையே மறுபடி தட்டியது போல ஆகிறது, அவ்வளவே. மறுபடி படிக்கும்போது கால்க் அவற்றைப் புதிய அமைப்பின்படி தேதியாக ஏற்றுக்கொள்கிறது. ஒரு நிமிடத்தில் இடப்பக்கம் நின்றவை அனைத்தும் வலப்பக்கம் வந்துவிட்டன. பத்தி முழுவதற்கும் ஒரே தேதி வடிவத்தைக் கொடுத்தேன். பார்க்க அத்தனை சீராக இருந்தது. கோப்பைச் சேமித்து, அச்சுக்கு அனுப்பச் சொல்லிவிட்டுப் புறப்பட்டேன்.

என் பிழை இங்கேதான். நான் கேட்ட கேள்விக்குள்ளேயே, வலப்பக்கம் நிற்பவை சரியானவை என்ற முடிவு ஒளிந்திருந்தது. நண்பர் கோப்பைப் பார்க்கவில்லை. நான் சொன்னதை வைத்துத்தான் அவர் பதில் சொல்ல முடியும். அதைவிடப் பெரிய தீங்கு ஒன்றும் நடந்தது. எது கணிப்பொறி புரட்டியது, எது புரட்டாதது என்று பிரித்துக் காட்ட நமக்கு இருந்த ஒரே வெளித்தடயம் அந்த இடப்பக்க, வலப்பக்க வேறுபாடுதான். அதை நானே அழித்துவிட்டேன்.

செப்டம்பர் 6: மே மாதம் 4-ஆம் தேதி

அச்சிட்ட பட்டியலை வாங்கிப் பார்த்த ஒரு சம்மாட்டி, தொகையைப் பார்ப்பதற்கு முன் தேதியைப் பார்த்தார். “ஏன் தாயி, மே மாசம் தடைக்காலம். என் படகு கரையில ஏத்தி பலகை மாத்திக்கிட்டு கெடந்துச்சு. நாலாம் தேதி எனக்கு எப்படி பன்னெண்டு பார் ஐஸ் போச்சு?” என்று கேட்டார்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை. அந்த நாட்களில் விசைப்படகுக்கு ஐஸ் விற்றதாகக் கணக்கில் இருப்பது சாதாரணத் தட்டச்சுப் பிழையாகப் பார்க்கப்படாது. படகு தடையை மீறிப் போனதாகவும் அதைப் படிக்கலாம். அவர் குரலில் இருந்த கோபத்துக்கு அதுவே காரணம். அந்தப் பெண் பட்டியலை மேலும் கீழும் பார்த்தபோது, ஜூன் 3-இலும் மே 8-இலும் விற்பனை இருந்தது. அதோடு அக்டோபர் 4, நவம்பர் 3, டிசம்பர் 4 என்று இன்னும் வராத நாட்களிலும் ஐஸ் விற்றிருந்தது. மொத்தத் தொகை மட்டும் சரியாக இருந்தது.

“அண்ணே, நான் சீட்டுல இருக்கறதத்தான் அடிச்சேன்” என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். சீட்டுக்கட்டை எடுத்து வைத்துக் காட்டவும் செய்தார். மே 4 என்று பட்டியலில் இருந்த சீட்டில் ஏப்ரல் 5 என்று எழுதியிருந்தது. அவர் மீது எந்தத் தவறும் இல்லை என்பது அந்த ஒரு சீட்டிலேயே விளங்கியது; இதை எழுதும் காரணங்களில் அதுவும் ஒன்று.

இரண்டாவது உதவி

அன்று இரவு, தொண்டிப் பக்கம் ஒரு சங்கத்தில் கணக்கு எழுதும் பெண்மணி ஒருவரிடம் பேசினேன். இதே மென்பொருளில் என்னைவிட ஆழமாகப் பழகியவர். இந்த முறை வழி கேட்கவில்லை. நடந்ததை மட்டும் வரிசையாகச் சொன்னேன். அவர் உடனே தீர்வு சொல்லாமல் மூன்று கேள்விகள் கேட்டார். குழப்பம் தொடங்குவதற்கு முன் கணிப்பொறியில் கடைசியாக என்ன மாறியது? முந்தாநாள் செய்த மாற்றத்துக்கு முந்தைய நகல் இருக்கிறதா? அந்த நகலில் கண்ட்ரோல் விசையுடன் எஃப்8 அழுத்தினால் தேதிகள் என்ன நிறத்தில் தெரிகின்றன?

நகல் இருந்தது. அந்தப் பெண் ஒவ்வொரு சனிக்கிழமையும் கோப்பைப் புதுப்பெயரில் பென்டிரைவில் எடுத்து வைக்கும் பழக்கம் உள்ளவர். செப்டம்பர் 2-ஆம் தேதி நகல் கைபடாமல் இருந்தது. அந்த இரு விசைகளை அழுத்தியதும் எழுத்தாக இருப்பவை கறுப்பிலும், எண்ணாக இருப்பவை நீலத்திலும் தெரிந்தன. கால்க்கில் தேதி என்பது உள்ளுக்குள் ஓர் எண். 1899 டிசம்பர் 30-ஐத் தொடக்கமாக வைத்து எண்ணிய நாள் கணக்கு. ஆகவே கால்க் தேதி என்று ஏற்றவை மட்டும் நீலமாயின. பிறகு அவர் சொன்னபடி, நீலமாக இருந்த ஒரு கட்டத்துக்கு மாதத்தை எண்ணாகக் காட்டாமல் பெயராகக் காட்டும் வடிவத்தைக் கொடுத்தேன். சீட்டில் மார்ச் 6 என்று இருந்த வரியில் ஜூன் என்ற சொல் தெரிந்தது. ஆறு மாதமாக இரண்டு எண்களுக்குப் பின்னால் மறைந்திருந்தது ஒரே சொல்லில் வெளியே வந்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

திருத்திய கோப்பை ஒதுக்கிவிட்டு, செப்டம்பர் 2 நகலிலிருந்தே தொடங்குவது என்று முடிவு செய்தோம். அதில் 630 வரிகள் இருந்தன. அதற்குப் பின் வந்த 11 சீட்டுகளை மறுபடி தட்டச்சு செய்வது, அழிந்த தடயத்தைத் தேடுவதைவிட எளிது. 630-இல் 322 வரிகள் எழுத்தாகவும் 308 வரிகள் தேதியாகவும் இருந்தன.

எழுத்தாக இருந்த 322-இல் ஐயம் எதுவும் இல்லை. அவற்றை ‘டெக்ஸ்ட் டு காலம்ஸ்’ வசதியில் நாள், மாதம், ஆண்டு வரிசை என்று வெளிப்படையாகச் சொல்லி மாற்றினோம். முந்தைய தேடி மாற்றும் வழியும் இதே பலனைத்தான் தரும். ஆனால் அது லோகேலை நம்பியிருக்கிறது. இந்த வழியில் வரிசையை நாமே சொல்லிவிடுகிறோம் என்பதால் இதைத் தேர்ந்தெடுத்தோம்.

தேதியாக இருந்த 308-இல்தான் சிக்கல். நாளையும் மாதத்தையும் இடம் மாற்றிப் புதிய தேதி அமைக்கும் ஃபார்முலாவை எல்லா வரிகளுக்கும் போட்டால் போதும் என்று எனக்குத் தோன்றியது. தொண்டிப் பெண்மணி தடுத்தார். வேறு யாராவது, வேறு எந்தக் கணிப்பொறியிலாவது இந்தக் கோப்பைத் திறந்து எழுதினார்களா என்று கேட்டார். அப்போதுதான் ஜூலை மாத லேப்டாப் நினைவுக்கு வந்தது. அதில் பதிவானவை 82 வரிகள். எல்லாவற்றையும் புரட்டியிருந்தால் சரியாக இருந்த ஜூலை 5 மே 7 ஆகியிருக்கும். ஜூலை 15 இன்னும் மோசமாகியிருக்கும்: மாதத்தின் இடத்தில் 15 என்று கொடுத்தால் அந்த ஃபார்முலா பிழை காட்டி நிற்காது, ஓர் ஆண்டைக் கூட்டிக்கொண்டு அடுத்த மார்ச்சுக்குப் போய்விடும்.

பிரிப்பதற்கு அவர் சொன்ன தருக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. புரண்ட தேதியில் ‘நாள்’ என்ற இடத்தில் நிற்பது உண்மையில் மாதம். கடை ஐஸ் விற்ற மாதங்கள் தெரியும். ஆகவே புரண்ட தேதி எதுவாக இருந்தாலும் அதன் நாள் அந்த மாத எண்களில் ஒன்றாகத்தான் இருக்க முடியும். அந்த எண்களுக்கு வெளியே நாள் இருந்தால் அந்த வரி புரளவில்லை என்று பொருள். இந்தச் சல்லடையில் லேப்டாப் வரிகள் ஏறக்குறைய எல்லாம் தனியே விழுந்தன. ஒரே ஒரு தேதி மட்டும் இரண்டு பக்கமும் நின்றது: ஜூலை 8. லேப்டாப்பில் பதிவான உண்மையான ஜூலை 8-உம் இருந்தது. ஆகஸ்ட் 7 புரண்டு வந்த ஜூலை 8-உம் இருந்தது. இரண்டும் சேர்ந்து 23 வரிகள். இவற்றைக் கணிப்பொறியால் பிரிக்க முடியாது. சீட்டு எண்தான் பிரித்தது. ஜூலைச் சீட்டுகளுக்கும் ஆகஸ்ட் சீட்டுகளுக்கும் இடையே எண்ணில் பெரிய இடைவெளி இருந்தது. இறுதியில் 226 வரிகளை மட்டும் புரட்டினோம்.

சரிபார்த்தல்

தேதிகள் சரியாகிவிட்டன என்று எங்கள் வாயால் சொன்னால் சம்மாட்டிகள் ஏற்கக் கூடாது, ஏற்கவும் மாட்டார்கள். சரிபார்க்கும் வழியை அந்தச் சம்மாட்டியே தந்தார். “கெழம போட்டுப் பாருங்க. திங்க, புதன், சனி இல்லாம வேற கெழமையில எந்தப் படகு போச்சு?” என்றார். தேதிக்குப் பக்கத்தில் கிழமையைக் காட்டும் ஒரு பத்தியைச் சேர்த்தோம். திருத்துவதற்கு முந்தைய நகலில் அதே பத்தியைப் போட்டபோது செவ்வாயும் வியாழனும் வெள்ளியும் சிதறிக் கிடந்தன. திருத்திய தாளில் மூன்று கிழமைகளே நின்றன. சில வரிகள் மட்டும் வியாழன் என்று காட்டின. அவற்றை எடுத்துப் பார்த்தால் அனைத்தும் ஜூன் 15. தடை முடிந்த மறுநாள் கிழமை பார்க்காமல் படகுகள் புறப்பட்டிருக்கின்றன. அது பிழை இல்லை.

கிழமைச் சோதனை எல்லாவற்றையும் பிடிக்காது என்பதையும் அங்கே கண்டோம். மார்ச் 4 சனிக்கிழமை. அது புரண்டு ஏப்ரல் 3 ஆனது, அந்த ஆண்டு அது திங்கட்கிழமை. உண்மையான ஏப்ரல் 3 புரண்டு மார்ச் 4 ஆனது. இரண்டு நாட்களின் விற்பனையும் ஒன்றுக்கொன்று இடம் மாறி, இரண்டுமே புறப்படும் நாட்களாக, தடைக்கு முந்தியவையாக, ஐயத்துக்கு இடமின்றி நின்றன. இந்த வகையைப் பிடிக்கத் தாளைச் சீட்டு எண் வாரியாக அடுக்கி, எந்த வரியிலாவது தேதி முந்தைய வரியைவிடப் பின்னால் போகிறதா என்று பார்த்தோம். திருத்திய தாளில் ஓர் இடத்திலும் பின்னால் போகவில்லை. அதற்குப் பிறகும் அந்தப் பெண் நாற்பது சீட்டுகளை இங்கொன்றும் அங்கொன்றுமாக உருவி வாய்விட்டுப் படிக்க, நான் திரையில் பார்த்தேன். நாற்பதும் பொருந்தின.

கடைக்கு ஏற்ப மாற்றியவை

இதே பிழை மீண்டும் வராமலிருக்கத் தாளையே மாற்றியமைத்தோம். தேதிக் கட்டத்துக்குத் தமிழ் மொழி வடிவம் கொடுத்து, எண்களுக்கு முன் கிழமையும், மாதம் பெயராகவும் வரும்படி செய்தோம். இப்போது 06/03 என்று தட்டினால் ‘திங்கள், 6 மார்ச்’ என்று தெரிகிறது. கிழமை தவறினால் இந்தக் கரையில் வேலை செய்பவர் கண்ணுக்கு அது உடனே உறுத்தும். எந்த எச்சரிக்கைப் பெட்டியைவிடவும் இந்தச் சிறு மாற்றம் பயன்படுகிறது என்பது என் கருத்து. தடைக்காலத் தேதிகளும் எதிர்காலத் தேதிகளும் சிவப்பாகத் தெரியும்படி நிபந்தனை வடிவமும் சேர்த்தோம்.

ஒரு மாற்றத்தில் அவசரப்பட்டோம். நம் ஊரில் தேதியைப் புள்ளி வைத்து எழுதும் பழக்கம் உண்டு. அதையும் கால்க் ஏற்கட்டும் என்று, தேதி ஏற்கும் முறைகளில் நாள்.மாதம்.ஆண்டு என்பதையும் நாள்.மாதம் என்பதையும் சேர்த்தேன். மறுநாளே இரண்டரை பார் ஐஸுக்கு 2.5 என்று தட்டியபோது அது மே 2 ஆகிவிட்டது. இரண்டாவது முறையை உடனே நீக்கினேன். ஆண்டுடன் கூடிய முறை மட்டும் இருந்தால் எடைக்கும் அளவுக்கும் எந்த இடையூறும் இல்லை.

மிக முக்கியமானது இன்னொன்று. லோகேல் அமைப்பு கோப்பில் இருப்பதில்லை. அந்தக் கணிப்பொறியில் அந்தப் பயனருக்குரிய அமைப்புக் கோப்புறையில் இருக்கிறது. மறுபடி நிறுவினால் அது மறுபடி போய்விடும். ஆகவே தாளின் மேலே ஒரு காவல் கட்டம் வைத்தோம். 25/12 என்று தொடங்கும் ஒரு தேதியை எழுத்தாகக் கொடுத்து, அதைத் தேதியாக மாற்றச் சொல்லும் ஃபார்முலா அதில் இருக்கிறது. இந்திய அமைப்பில் அது மாறும். அமெரிக்க அமைப்பில் மாறாமல் பிழை வரும், கட்டம் சிவந்து “தேதி அமைப்பைப் பார்க்கவும்” என்று காட்டும். இதில் ஒரு நுணுக்கத்தைத் தொண்டிப் பெண்மணி சுட்டிக்காட்டினார். கோப்பைத் திறக்கும்போது கால்க் எல்லா ஃபார்முலாக்களையும் புதிதாகக் கணக்கிடுவதில்லை. முன்பு சேமித்த விடையையே காட்டக்கூடும். இன்றைய தேதியைத் தரும் டுடே என்ற சார்பையும் அதே ஃபார்முலாவில் சேர்த்தால் திறக்கும்போதெல்லாம் கணக்கிடும். அப்படியே சேர்த்து, லோகேலை வேண்டுமென்றே அமெரிக்காவுக்கு மாற்றிக் கோப்பைத் திறந்து பார்த்தோம். கட்டம் சிவந்தது.

விளைவு

செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் புதிய பட்டியல் கொடுக்கப்பட்டது. முதலில் கேள்வி கேட்ட சம்மாட்டி தம் வீட்டு நோட்டுடன் வந்து ஒவ்வொரு தேதியாக ஒப்பிட்டுவிட்டுத்தான் பணம் கொடுத்தார். மற்றவர்களும் கணக்குத் தீர்த்தார்கள். தவறான பட்டியலின் பிரதிகளைத் திரும்ப வாங்கிக் கிழித்தோம். மூன்று பிரதிகள் வெளியே போயிருந்தன, மூன்றும் வந்துவிட்டன. கீழக்கரை நண்பருக்கும் நடந்ததைச் சொன்னேன். அவர் தம் பள்ளியின் கட்டணத் தாளில் கண்ட்ரோலும் எஃப்8-உம் அழுத்திப் பார்த்துவிட்டு, அங்கே தேதிகள் எல்லாம் நீலமாகவே இருக்கின்றன என்றும், மாதப் பெயர் வைத்துப் பார்த்தும் சரியாகவே வருகின்றன என்றும் மறுநாள் அழைத்துச் சொன்னார்.

மறுபடி செய்தால்

காற்புள்ளி இடம் மாறிய அன்றே நான் லோகேலைப் பார்த்திருக்க வேண்டும். எண்ணின் தோற்றம் மாறினால் எண்ணைப் படிக்கும் முறையும் மாறியிருக்கும் என்று ஐயப்படுவது இப்போது எனக்குப் பழக்கமாகிவிட்டது. பிறரிடம் உதவி கேட்கும்போது, “இதை எப்படிச் செய்வது” என்று தொடங்காமல், என்ன தட்டினோம், திரையில் என்ன தெரிந்தது, அதற்கு முன் எது மாறியது என்ற மூன்றையும் ஒரு மாதிரி வரியோடு சொல்கிறேன். உதவுபவர் நல்லவராகவும் தெரிந்தவராகவும் இருந்தாலும், அவர் பார்ப்பது நாம் காட்டும் பகுதியை மட்டுமே. எந்தக் கோப்பிலும் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றும் கட்டளையைக் கொடுப்பதற்கு முன், அதன் நகலை வேறு பெயரில் வைப்பதை இனி அந்தப் பெண்ணின் சனிக்கிழமைப் பழக்கத்தை நம்பி விட மாட்டேன்.

லேப்டாப்பில் இன்னும் மாற்றியமைத்த புதிய தாளை ஏற்றவில்லை. கடைக்காரரின் மகன் வெளியூரில் படிக்கிறார், பொங்கலுக்கு வரும்போது செய்துகொள்ளலாம் என்றிருக்கிறோம். கடைக் கணிப்பொறி மறுபடி மக்கர் செய்யத் தொடங்கியிருக்கிறது. சர்வீஸுக்குப் போய்த் திரும்பி வரும் நாளில், முதல் சீட்டைத் தட்டுவதற்கு முன் எனக்கு ஒரு போன் செய்யும்படி சொல்லி வைத்திருக்கிறேன்.